ரிங் புளோயருக்கு எக்ஸாஸ்ட் குழாய் அமைப்பது எப்படி?

கணினி வழி இயங்கிப் பலகை வெட்டும் சி.என்.சி. ரவுட்டர் வாங்கும் பட்டறைகளில், பலகையைக் காற்று உறிஞ்சலால் அசையாமல் பிடிக்கும் வேக்குவம் மேசைக்கான புளோயரும் கூடவே வந்து இறங்குகிறது. உறிஞ்சும் பக்கத்தில் எந்தக் குழாய் போட வேண்டும், எத்தனை வால்வு வைக்க வேண்டும் என்பதை இயந்திரம் விற்றவர்களே சொல்லிவிடுவார்கள். வெளியேற்றும் பக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சில வாரங்களில் இரைச்சலும் சூடும் பொறுக்க முடியாமல் போனபின், பக்கத்து ஹார்டுவேர் கடையில் இரண்டு அங்குல பி.வி.சி. பைப்பும் நான்கு எல்போவும் வாங்கி வந்து, சுவரில் துளை போட்டு வெளியே விட்டுவிடுவார்கள். அந்த வேலையை முதல் முறையிலேயே ஒழுங்காகச் செய்ய விரும்பும் புதியவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 3 கிலோவாட் மோட்டாரும் இரண்டு அங்குல வாயும் கொண்டு, திறந்த நிலையில் மணிக்கு 300 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 175 கன அடி (சி.எஃப்.எம்.) காற்றை இழுக்கும் ஒரு ரிங் புளோயரை எடுத்துக்கொள்கிறேன். சைடு சேனல் புளோயர், டர்பைன் புளோயர் என்று கடைகளில் சொல்வதும் பெரும்பாலும் இதே இயந்திரத்தைத்தான். எண்ணெய் ஊற்றி ஓட்டும், சுழலும் தகடுகளுள்ள வேன் (vane) வகைப் பம்புக்கு இதை அப்படியே பின்பற்றக் கூடாது. அதன் எக்ஸாஸ்டில் எண்ணெய்ப் புகை கலந்து வருவதால் அதற்கென்று தனி வடிகட்டியும் தனிக் குழாய் அமைப்பும் தேவை.

முதலில், புளோயருக்குள் நடப்பதைப் பற்றி

ரிங் புளோயரின் இம்பெல்லர் (சுழலும் இதழ்ச் சக்கரம்), உறையின் எந்தப் பகுதியையும் தொடாமல், ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே உள்ள இடைவெளியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்றுகள் சுழல்கிறது. உள்ளே வந்த காற்று பக்கவாட்டுப் பள்ளத்துக்கும் இம்பெல்லர் இதழ்களுக்கும் இடையே மீண்டும் மீண்டும் சுழற்றப்பட்டு, ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது அழுத்தத்தைப் பெற்று, கடைசியில் எக்ஸாஸ்ட் வாய் வழியாக வெளியே தள்ளப்படுகிறது. இந்தச் சுழற்றலில் காற்று சூடாகிறது. மேசை முழுவதும் பலகையால் மூடப்பட்டு, வேக்குவம் 200 மில்லிபார் அளவுக்கு ஏறும்போது, உள்ளே வரும் காற்றின் அளவு குறைகிறது. மோட்டார் செலவிடும் ஆற்றலோ கூடுகிறது. குறைந்த காற்று கூடுதல் வெப்பத்தைச் சுமக்க வேண்டியிருப்பதால், எக்ஸாஸ்ட் காற்று 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இவ்வகை இயந்திரத்தில் அசாதாரணமான ஒன்றல்ல.

இதிலிருந்து, எக்ஸாஸ்ட் குழாய் இரண்டு வெவ்வேறு நிலைகளைத் தாங்க வேண்டும் என்பது தெளிவாகும். மேசை திறந்திருக்கும்போது காற்று மிக அதிகமாகப் பாய்கிறது, ஆனால் சூடு குறைவு. மேசை மூடியிருக்கும்போது காற்று குறைவு, ஆனால் சூடு உச்சத்தில் இருக்கிறது. ஆகவே குழாயின் விட்டத்தைத் திறந்த நிலைக்கும், குழாயின் பொருளை மூடிய நிலைக்கும் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டறைகளில் நான் காணும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டதால் வந்தவை.

விட்டம்: இரண்டு அங்குலமா, மூன்று அங்குலமா?

புளோயரின் வாய் இரண்டு அங்குலம் என்பதால் குழாயும் இரண்டு அங்குலம் போதும் என்று நினைப்பது இயல்பு. ஒரு மீட்டர் தூரத்துக்கு அது சரிதான். அதற்கு மேல் போனால் கணக்குப் பார்க்க வேண்டும்.

மணிக்கு 300 கன மீட்டர் காற்று, 53 மி.மீ. உள்விட்டம் கொண்ட இரண்டு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் பாயும்போது அதன் வேகம் நொடிக்கு சுமார் 38 மீட்டர். அதே காற்று, 81 மி.மீ. உள்விட்டமுள்ள மூன்று அங்குலக் குழாயில் நொடிக்கு 16 மீட்டராகவும், நான்கு அங்குலக் குழாயில் 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இறங்கிவிடும். எக்ஸாஸ்ட் குழாயில் வேகம் நொடிக்கு 15 முதல் 20 மீட்டருக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்ல வரம்பு. அதைத் தாண்டினால் உராய்வு இழப்பு வேகமாக ஏறுகிறது. குழாயே ஊதல்போல் ஒலிக்கத் தொடங்குகிறது.

இழப்பைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். 10 மீட்டர் நீளமுள்ள இரண்டு அங்குலக் குழாயில் உராய்வால் மட்டும் ஏறத்தாழ 27 மில்லிபார் போய்விடும். ஒவ்வொரு கூர்மையான எல்போவுக்கும் இன்னும் 6 மில்லிபார் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்கு எல்போ என்றால் மொத்தம் 50 மில்லிபாரைத் தாண்டிவிடும். மூன்று அங்குலக் குழாயில் அதே 10 மீட்டருக்கு உராய்வு இழப்பு 3 மில்லிபார் அளவிலும், ஒரு எல்போவின் இழப்பு சுமார் ஒரு மில்லிபார் அளவிலும் நின்றுவிடும். ஒரே அளவு காற்றுக்கு, இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதே இதற்குக் காரணம். விட்டத்தை ஒன்றரை மடங்கு ஆக்கினால் இழப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிறது.

எக்ஸாஸ்டில் 50 மில்லிபார் எதிரழுத்தம் இருந்தால் மேசைக்கு என்ன என்று ஒருவர் கேட்கலாம். புளோயர் ஒரு குறிப்பிட்ட காற்றளவில் ஒரு குறிப்பிட்ட அழுத்த வேறுபாட்டைத்தான் உண்டாக்க முடியும். அந்த வேறுபாட்டில் ஒரு பகுதியை எக்ஸாஸ்ட் குழாய் எடுத்துக்கொண்டால், மேசைக்கு மிஞ்சும் வேக்குவம் ஏறத்தாழ அதே அளவு குறையும். மேசை முழுவதும் அடைபட்டிருக்கும்போது காற்று குறைவு என்பதால் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. ஆனால் மேசை மீது, வெட்டும் பலகைக்கு அடியில் விரிக்கும் எம்.டி.எஃப். (மர இழைகளை அழுத்திச் செய்த) தட்டின் வழியாகக் காற்று எப்போதும் கசிந்துகொண்டே இருக்கிறது; பலகையை வெட்ட வெட்ட, வெட்டுக் கோடுகளின் வழியாகக் கசிவு மேலும் கூடுகிறது. காற்றளவு 200 கன மீட்டருக்கு வந்தாலும் மேற்சொன்ன இரண்டு அங்குலக் குழாய் இருபதுக்கும் மேற்பட்ட மில்லிபாரை விழுங்கியிருக்கும். 300 மி.மீ. சதுரத் துண்டு ஒன்றின் மீது அது சுமார் 20 கிலோ அழுத்தத்துக்குச் சமம். கடைசி வெட்டில் சிறு துண்டுகள் நகர்ந்து பலகை வீணாகும்போது, உறிஞ்சும் பக்கத்தையே திரும்பத் திரும்பச் சோதிப்பவர்கள் எக்ஸாஸ்டையும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

எனவே நமது எடுத்துக்காட்டுப் புளோயருக்கு, வாயிலிருந்து அரை மீட்டருக்குள் ரெட்யூசர் (வெவ்வேறு அளவுக் குழாய்களை இணைக்கும் துண்டு) போட்டு மூன்று அங்குலத்துக்கு மாறிவிட வேண்டும் என்பதே என் பரிந்துரை. 15 மீட்டருக்கு மேல் போனால் நான்கு அங்குலம். திடீரென்று விரியும் ரெட்யூசரைவிடச் சரிவாக விரியும் ரெட்யூசர் சிறந்தது. எல்போவுக்குப் பதிலாக நீண்ட வளைவுள்ள பெண்டு கிடைத்தால் விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்கலாம்.

எந்தப் பொருளில் குழாய்?

சாதாரண பி.வி.சி. பைப் 60 டிகிரிக்கு மேல் பயன்படுத்துவதற்கானதன்று. 80 டிகிரியை நெருங்கும்போது அது மென்மையாகிவிடும். புளோயரை ஒட்டிப் போடப்பட்ட பி.வி.சி. குழாயில் முதலில் நேர்வது உடைப்பு அல்ல, தொய்வு. இரண்டு கிளாம்புகளுக்கு நடுவே குழாய் கீழே வளையும், எல்போவின் சாக்கெட் விரியும், ஒரு நாள் மூட்டு தானாகக் கழன்று சுடுகாற்று நேராக இயந்திரத்தை இயக்குபவரின் முகத்தில் அடிக்கும். சி.பி.வி.சி. பைப் 90 டிகிரி வரை தாங்கும் என்றாலும், 100 டிகிரியைத் தாண்டக்கூடிய இடத்தில் அதையும் நம்ப முடியாது. "எங்கள் புளோயர் அவ்வளவு சூடாகாது" என்று சொல்பவர்கள், மேசை முழுவதும் மூடிய நிலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, எக்ஸாஸ்ட் வாயில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்க்கட்டும்.

முதல் 3 மீட்டர் கட்டாயம் உலோகமாக இருக்க வேண்டும். குழாய் முழுவதும் உலோகமாக இருந்தால் இன்னும் நல்லது. இந்திய நிலையளவு ஐ.எஸ். 1239 முத்திரையுள்ள ஜி.ஐ. குழாய் எல்லா ஊர்களிலும் கிடைக்கும். மஞ்சள் பட்டை மெல்லிய வகையையும், நீலப் பட்டை நடுத்தர வகையையும், சிவப்புப் பட்டை கனமான வகையையும் குறிக்கும். எக்ஸாஸ்டில் அழுத்தம் மிகக் குறைவு என்பதால் மஞ்சள் பட்டையே போதும். ஆனால் மரை வெட்டிப் பொருத்துவதாக இருந்தால் நீலப் பட்டை நல்லது. இதன் ஒரே குறை எடை. நீலப் பட்டை மூன்று அங்குலக் குழாய் மீட்டருக்கு 8 கிலோவுக்கு மேல் வரும், 6 மீட்டர் நீளமுள்ள ஒரு குழாயைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

எடை வேண்டாம் என்பவர்களுக்குத் துத்தநாகம் பூசிய தகட்டில் சுருளாக மடித்துச் செய்த டக்ட் பொருத்தமானது. ஏ.சி. டக்ட் வேலை செய்பவர்களிடம் 100 மி.மீ. விட்டத்தில் கேட்டு வாங்கலாம். மூட்டுகளைத் திருகால் பிடித்து, மேலே அலுமினிய ஃபாயில் டேப் சுற்ற வேண்டும். துணி டேப் சூட்டில் பசை இளகி உரிந்துவிடும்.

புளோயர் வாய்க்கும் உலோகக் குழாய்க்கும் இடையே ஒரு சிறு நெகிழ்வான இணைப்பு தேவை. துணி இழை பொதிந்த சிலிக்கான் ஹோஸ் இதற்கு ஏற்றது. 180 டிகிரி வரை அது கவலையின்றித் தாங்கும். ஒரு சாண் நீளம் போதும். கார் ரேடியேட்டருக்கான சாதாரண ரப்பர் ஹோஸும், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் சுருள் ஹோஸும் இங்கே வேண்டாம்.

குழாயைத் தொடும் முன்

மின் இணைப்பைத் துண்டித்து, எம்.சி.பி.யில் "வேலை நடக்கிறது" என்று ஓர் அட்டையைத் தொங்கவிடுங்கள். புளோயர் ஓடிக்கொண்டிருந்தது என்றால் அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். அதன் அலுமினிய உறை வெகுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

புதிய இயந்திரம் என்றால், இரண்டு வாய்களிலும் உள்ள பிளாஸ்டிக் மூடிகளை எடுத்துவிட்டீர்களா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்வது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் எக்ஸாஸ்ட் மூடி உருகி உள்ளே ஒட்டிய புளோயர்கள் பழுதுபார்ப்பவர்களிடம் வராமல் இல்லை.

அடுத்தது சுழற்சித் திசை. குழாய் எதையும் மாட்டாமல், எலெக்ட்ரீசியனை அருகில் வைத்துக்கொண்டு ஒரு நொடி மட்டும் ஸ்விட்சைப் போட்டு நிறுத்தி, மோட்டாரின் விசிறி உறையிலுள்ள அம்புக்குறியின் திசையில் சுழல்கிறதா என்று பாருங்கள். மும்முனை மின்சாரத்தில் இரண்டு பேஸ் இடம் மாறினால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். அப்போது உறிஞ்ச வேண்டிய வாய் ஊதும், ஊத வேண்டிய வாய் உறிஞ்சும். குழாய் போட்டு முடித்தபின் இதைக் கண்டுபிடித்தால், அதற்குள் வெளியிலிருந்து தூசியும் வெல்டிங் துகளும் இம்பெல்லருக்குள் போயிருக்கும். எது உறிஞ்சும் வாய், எது ஊதும் வாய் என்பதை உறையில் வார்த்துள்ள அம்புக்குறியைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மார்க்கர் பேனாவால் எழுதியும் வைத்துவிடலாம்.

குழாய்களை வெட்டி, மரை போட்டு, வெல்டு செய்து முடித்தபின், ஒவ்வொரு துண்டையும் செங்குத்தாக நிறுத்தி மரச் சுத்தியலால் தட்டி, உள்ளே துணியை இழுத்துத் துடைக்க வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் உள்ள துகள் வெளியேதானே போகும் என்று எண்ணக் கூடாது. புளோயரை நிறுத்தியவுடன், மேசைப் பக்கம் இன்னும் வேக்குவத்தில் இருப்பதால், வெளிக்காற்று எக்ஸாஸ்ட் வழியாகப் பின்னோக்கி உள்ளே பாய்ந்து இம்பெல்லரைச் சில நொடிகள் எதிர்த் திசையில் சுற்றவைக்கும். அந்தப் பாய்ச்சலோடு வரும் ஒரு சிறு இரும்புத் துகள், அந்த நுண்ணிய இடைவெளியில் சிக்கினால் இம்பெல்லர் இறுகிவிடும். இதைத் தடுக்க, உறிஞ்சும் பக்கத்தில் புளோயருக்கு அருகே ஒரு திரும்பாத வால்வு வைப்பது வழக்கம். அது ஏற்கெனவே இல்லையென்றால் இப்போதே போட்டுவிடலாம்.

பொருத்தும் முறை

வாயில் பிளாஞ்ச் (போல்ட் போடும் தட்டையான விளிம்பு) இருந்தால், சூடு தாங்கும் கேஸ்கட் வைத்து, எதிரெதிர் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். உள்மரை இருந்தால் நிப்பிளில் (மரையுள்ள குட்டைக் குழாயில்) டெஃப்லான் டேப்பைச் சுற்றி, முதலில் கையால் முழுவதும் திருகி, பிறகு பைப் ரெஞ்சால் கொஞ்சம் மட்டும் இறுக்க வேண்டும். டேப்பின் நுனி குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஜி.ஐ. நிப்பிளின் மரை கூம்பு வடிவமுடையது; புளோயர் உறையின் மரையோ பெரும்பாலும் நேரானது, அதுவும் அலுமினிய வார்ப்பில் வெட்டியது. தண்ணீர்க் குழாய் போட்ட பழக்கத்தில் ரெஞ்சின் மீது முழு பலத்தையும் கொடுத்தால் வாயின் விளிம்பு வெடித்துவிடும். எக்ஸாஸ்டில் சிறிது கசிந்தாலும் பெரிய கேடில்லை, உறை வெடித்தால்தான் செலவு. இறுக்கத்தில் தயக்கம் வந்தால் குறைவாகவே இறுக்குங்கள்.

நிப்பிளின் மீது சிலிக்கான் ஹோஸை மாட்டி, இரண்டு பக்கமும் அகலமான கிளாம்ப் போட வேண்டும். உலோகக் குழாய் தொடங்கும் இடத்தில் அதன் எடையை முழுவதும் தாங்கும் தனித் தாங்கி ஒன்று தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ வர வேண்டும். சரியாகச் செய்திருக்கிறீர்களா என்பதை அறிய ஒரு சோதனை உண்டு: ஹோஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். உலோகக் குழாய் இருந்த இடத்திலேயே, புளோயர் வாய்க்கு நேராக, அசையாமல் நிற்க வேண்டும். அது கீழே இறங்கினாலோ பக்கவாட்டில் விலகினாலோ, அதுவரை அந்தப் பாரத்தைப் புளோயர்தான் சுமந்துகொண்டிருந்தது என்று பொருள்.

அதன்பின் 2 மீட்டருக்கு ஒரு தாங்கி வைத்துக்கொண்டு போகலாம். எல்லாத் தாங்கிகளிலும் குழாயை இறுகக் கட்டக் கூடாது. எஃகுக் குழாய் 10 மீட்டர் நீளத்தில், 60 டிகிரி சூடேறும்போது ஏறத்தாழ 7 மி.மீ. நீளும். ஓரிடத்தில் மட்டும் உறுதியாகப் பிடித்து, மற்ற இடங்களில் குழாய் நழுவ வழி விட்டால், அந்த நீட்சி சிலிக்கான் ஹோஸிலோ வெளிமுனையிலோ அடங்கிவிடும். தகரக் கூரையின் மீது குழாயை நேரடியாகக் கட்டுவதை எப்பாடுபட்டாவது தவிர்க்க வேண்டும். குழாயின் அதிர்வை வாங்கிக்கொண்டு கூரை முழுவதும் பறைபோல் அதிரும். கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினில் ரப்பர் பட்டை வைத்துக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

குழாயின் சரிவு புளோயரை விட்டு விலகி வெளிப்புறமாக இருக்க வேண்டும். வெளியே செங்குத்தாக மேலே போகிறது என்றால், அடிப்பகுதியில் எல்போவுக்குப் பதில் ஒரு டீ (மூன்று வாயுள்ள இணைப்பு) போட்டு, அதன் கீழ்வாயில் சிறு துளையுள்ள மூடி வைத்தால் மழைநீரும் ஈரமும் அங்கே வடிந்துவிடும். சூடான ஈரக்காற்று இரவில் குழாய்க்குள் குளிர்ந்து நீராவதை நவம்பர், டிசம்பர் மழைக்காலத்தில் கண்கூடாகப் பார்க்கலாம்.

கைக்கு எட்டும் உயரம் வரை, அதாவது தரையிலிருந்து 2 மீட்டர் வரை, குழாய்க்கு ராக்வுல் (சூடு தாங்கும் கல் இழைப் பஞ்சு) சுற்றி மேலே தகட்டு உறை போடுங்கள். தொட்டால் சுடும் என்று பலகை எழுதி வைப்பதைவிட இது மேல். ஆனால் புளோயரின் உறை மீது எதையும் சுற்றக் கூடாது. அது வெப்பத்தை வெளியே விட்டுத்தான் தன்னைக் காத்துக்கொள்கிறது.

எக்ஸாஸ்ட் குழாயில் எந்த இடத்திலும் மூடக்கூடிய வால்வு வைக்காதீர்கள். யாராவது ஒருவர் என்றாவது அதை மூடிவிட்டு ஸ்விட்சைப் போடுவார். புளோயர் அளவுக்கு மீறிய வேக்குவத்தில் திணறாமல் காக்கும் ரிலீஃப் வால்வும் எக்ஸாஸ்டில் இருக்க வேண்டியதல்ல. வேக்குவம் வேலையில் அதன் இடம் உறிஞ்சும் பக்கம்.

வெளிமுனையும் சத்தமும்

குழாயின் வெளிமுனை கீழ்நோக்கி வளைந்திருந்தால் மழை உள்ளே புகாது. பறவையும் அணிலும் கூடு கட்டாமலிருக்க வலை தேவை. ஆனால் கொசுவலைபோன்ற நுண்வலை போட்டால் சில மாதங்களில் தூசி படிந்து பாதி அடைத்துக்கொள்ளும். 10 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலையை, குழாயைவிட ஓர் அளவு பெரிய முனையில் பொருத்துவது சரியான முறை. காற்று பாயும் திசையில் சன்னல், ஏ.சி.யின் வெளிப்பெட்டி, ஆட்கள் நடமாடும் வழி எதுவும் இருக்கக் கூடாது. இந்தக் குழாயைத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் டக்டோடு சேர்த்துவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். மரத்தூள் நிறைந்த பாதைக்குள் 100 டிகிரிக் காற்றைச் செலுத்துவது தீக்கு வழிவகுக்கும். ஒருபோதும் அப்படிச் செய்யக் கூடாது.

ரிங் புளோயரின் சத்தம் அளவில் பெரிதாக இல்லாவிட்டாலும், இம்பெல்லர் இதழ்கள் ஒரே சீராகக் காற்றை வெட்டுவதால் எழும் கீச்சொலி காதை அறுக்கும். பெரும்பாலான புளோயர்களில் உள்ளேயே சிறு சைலன்சர் இருக்கும், குழாயை வெளியே கொண்டுபோகும்போது அது போதாமல் போகலாம். துளையிட்ட உட்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையோ ராக்வுல்லோ அடைத்த சைலன்சரை வாங்க வேண்டும்; ஸ்பாஞ்சு அடைத்தது சூட்டில் பொடிந்துவிடும். அதைக் குழாயின் வெளிமுனையில் வைப்பதைவிடப் புளோயருக்கு அருகில், சிலிக்கான் ஹோஸுக்கு அடுத்து வைப்பதை நான் விரும்புவேன். சத்தம் குழாய்ச் சுவருக்கு ஏறுவதற்கு முன்பே அங்கே அடங்கிவிடுகிறது. சைலன்சரின் உள்விட்டம் குழாயின் விட்டத்தைவிடக் குறையக் கூடாது.

அக்கம்பக்கத்தில் வீடுகள் இருந்தால் இதில் சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் வரம்பு. தொழிற்பகுதியில் இவை முறையே 75, 70. ஊருக்குள் வாடகைக் கட்டடத்தில் ரவுட்டர் வைத்து இரவு வேலை செய்பவர்கள், குழாயின் வாயை வீடுகளுக்கு எதிர்ப்புறமாகத் திருப்புவதோடு, வசதியிருந்தால் இரண்டாவது சைலன்சரையும் முதலிலேயே போட்டுவிடுவது புகார்களைத் தவிர்க்கும்.

இரண்டு புளோயர்கள் இருந்தால்

ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய் போடுவதே எளிது. இடமில்லாமல் பொதுக் குழாயில் சேர்க்க வேண்டியிருந்தால், இரண்டின் காற்றையும் சேர்த்து விட்டத்தைக் கணக்கிட வேண்டும். நமது எடுத்துக்காட்டு போன்ற இரண்டு புளோயர்கள் என்றால் பொதுக் குழாய் நான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கிளைக் குழாய்கள் செங்குத்தாக மோதாமல், பாயும் திசையில் 45 டிகிரிச் சாய்வில் சேர வேண்டும். ஒன்று மட்டும் ஓடும்போது அதன் சுடுகாற்று ஓடாத புளோயருக்குள் புகுந்து அதைப் பின்னோக்கிச் சுற்றவிடாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் திரும்பாத வால்வு இருப்பது இங்கே கட்டாயம்.

ஓட்டிச் சோதித்தல்

எதிரழுத்தத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ரெட்யூசரைத் தாண்டிக் குழாய் நேராகப் போகும் ஓரிடத்தில், பெண்டுக்கு மிக அருகில் இல்லாமல், 6 மி.மீ. துளையிட்டு ஒரு சிறு பித்தளை நிப்பிளைப் பொருத்துங்கள். துளையின் உட்பிசிறை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். கட்டட வேலையில் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் டியூப்பை யு வடிவில் ஒரு பலகையில் பிடித்து, பாதி வரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அந்த நிப்பிளில் மாட்டுங்கள். புளோயரை ஓட்டி, மேசையைத் திறந்த நிலையில் வைத்தால், இரண்டு பக்க நீர்மட்டங்களும் விலகும். மட்டங்களுக்கு இடையே 10 மி.மீ. வேறுபாடு என்பது ஏறத்தாழ ஒரு மில்லிபார். நாம் போட்ட மூன்று அங்குலக் குழாயில் சைலன்சரையும் சேர்த்து 100 மி.மீ.க்குள் நின்றால் வேலை சரி. 200 மி.மீ.யைத் தாண்டினால் எங்கோ அடைப்போ, அளவு குறைந்த பகுதியோ இருக்கிறது. பெரும்பாலும் அது சைலன்சராகவோ வெளிவலையாகவோ இருக்கும். மேசையை மூடும் முன் டியூப்பைக் கழற்றி, நிப்பிளுக்கு மூடி போட்டுவிட வேண்டும்.

பிறகு மேசையைப் பலகையால் முழுவதும் மூடி அரை மணி நேரம் ஓட்டுங்கள். கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸ்களின் மின்னோட்டத்தையும் பார்த்து, மோட்டார்ப் பெயர்த்தகட்டில் எழுதியுள்ள ஆம்பியரைத் தாண்டவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். தாண்டினால் ஓவர்லோடு ரிலேயை ஏற்றி வைப்பது தீர்வாகாது. உறிஞ்சும் பக்கத்து ரிலீஃப் வால்வைச் சற்று முன்னதாகத் திறக்கும்படி சரிசெய்ய வேண்டும். அப்படியே மூட்டுகளின் அருகே கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சுடுகாற்றுக் கசிவு உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம். இவ்வகை மோட்டார்கள் பொதுவாக 40 டிகிரிச் சுற்றுப்புற வெப்பத்துக்கு வடிவமைக்கப்படுகின்றன. ஈரோட்டிலோ திருச்சியிலோ மே மாதத்தில் வெளி வெப்பமே அந்த அளவை எட்டிவிடும் என்பதால், எக்ஸாஸ்ட் வெளியே போனபிறகும் புளோயர் அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். மோட்டாரின் விசிறிப் பக்கத்துக்கும் சுவருக்கும் இடையே தாராளமாக இடம் விட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

முதல் வாரம் முடிந்ததும், இயந்திரம் ஆறியிருக்கும்போது எல்லாக் கிளாம்புகளையும் ஒரு சுற்று இறுக்க வேண்டும்; சூடேறி ஆறுவதில் சிலிக்கான் ஹோஸ் சற்று அமுங்கி, கிளாம்ப் தளர்ந்திருக்கும். சோதனை நாளில் எடுத்த நீர்மட்ட அளவையும் ஆம்பியர் அளவையும் தேதியோடு புளோயர் அருகே சுவரில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே டியூப்பை மாட்டிப் பார்த்து, மட்டம் கூடியிருந்தால் முதலில் வெளிவலையைக் கழற்றித் துலக்குங்கள். அதன் பிறகும் இறங்காவிட்டால் சைலன்சரைத் திறந்து பார்க்க வேண்டும்.